ஒரே கீரை, இரண்டு சுவை

மாணவர்களே! மழைக்குப் பின் வரப்போரத்திலும் மைதானத்தின் மூலையிலும் தரையோடு படரும் பருப்புக்கீரையைப் பார்த்திருப்பீர்கள். சிவந்த தண்டு, சாறு நிறைந்த தடித்த இலை, வெயில் ஏறியபின் சில மணி நேரமே விரியும் ஐந்திதழ் மஞ்சள் பூ ஆகியவை இதன் அடையாளங்கள். தாவரவியலார் இதனைப் போர்ட்டுலாகா ஒலரேசியா என்பர். இது ஓராண்டுத் தாவரம். தண்டு, இலை, பூ யாவும் உணவாகும்.

நீர் காணாத செடியின் இலை விடியற்காலையில் நன்கு புளிக்கும். மாலையில் புளிப்பு குறைந்துவிடும். ஏன்?

பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. அப்போது நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. நீர் உள்ளவரை பருப்புக்கீரையும் அப்படித்தான். சோளத்தைப் போல ஒளிச்சேர்க்கை செய்கிறது. நீர் குறைந்தால் கள்ளியைப் போல இரவிலும் வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. இரவில் வெப்பம் குறைவு, நீரிழப்பும் குறைவு. பகலில் அமிலம் சிதைந்து வாயுவைத் தருகிறது, புளிப்பும் குறைகிறது. இவ்விரு முறைகளும் ஒரே செல்களில் இணைந்து நடப்பதை 2022-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர்.

நீங்களே சோதிக்கலாம். இரு தொட்டிகளில் மணல் கலந்த மண்ணை நிரப்பி, விதைகளை மேலாகத் தூவுங்கள். முளைக்க ஒளி தேவை. எனவே ஆழப் புதைக்காதீர்கள். தண்டை நட்டாலும் வேர்விடும். செடி தழைத்ததும் ஒன்றுக்கு நாள்தோறும் நீர் ஊற்றுங்கள். மற்றதற்குப் பத்து நாட்கள் நிறுத்துங்கள். பிறகு இரண்டிலும் காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் 5 கிராம் இலை பறித்து, 50 மி.லி. நீரில் அரைத்து வடிகட்டுங்கள். இரண்டு சொட்டு பினாப்தலீன் சேர்த்து, ஆசிரியர் முன்னிலையில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு நிறம் நிலைக்க எத்தனை சொட்டுகள்? காலை, மாலை எண்ணிக்கைகளின் வேறுபாடு எந்தத் தொட்டியில் அதிகம்?

ஓர் எச்சரிக்கை. தரையில் படரும் அம்மான் பச்சரிசி வகைகள் பார்வைக்கு இதுபோல் இருக்கும். தண்டை ஒடியுங்கள், பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அன்று. சாக்கடையோரத்திலும், பூச்சிமருந்து தெளித்த வயலிலும் பறிக்காதீர்கள். ஆக்சலிக் அமிலமும் இதில் இருப்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

பாசிப்பருப்புடன் வேகவைத்துக் கடைய, மாலைக்கீரை நன்று. புளிப்பு வேண்டுமானால் காலைக்கீரை. அடுத்த முறை களை என்று பிடுங்குமுன், கடிகாரத்தைப் பாருங்கள்!