முன்விடுதலை ரத்து: நோட்டீஸ் இல்லாமல் முடியுமா?

நம்பிக்கை: முன்விடுதலையில் வந்த ஆயுள் கைதி மீது புதிதாக ஒரு வழக்கு விழுந்தால் போதும், போலீஸார் அவரை நேராகப் பாளையங்கோட்டைச் சிறைக்குக் கொண்டுபோய்விடலாம்.

உண்மை: முடியாது. முன்விடுதலையை ரத்து செய்யும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உண்டு. அந்த அரசும் முதலில் நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும்.

இந்த நம்பிக்கை காற்றில் முளைத்ததல்ல. நிபந்தனை மீறப்பட்டதாக அரசு கருதினால் தண்டனைக் குறைப்பை ரத்து செய்யலாம், அதன்பின் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்றுதான் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 473-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நோட்டீஸ் என்ற பேச்சே அதில் இல்லை. அந்த இடைவெளியைத்தான் 2024 அக்டோபரில் மஃபாபாய் மோதிபாய் சாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடைத்தது. என்ன காரணத்துக்காக ரத்து செய்ய நினைக்கிறார்கள் என்பது நோட்டீஸில் இருக்க வேண்டும். பதில் எழுதவும் நேரில் சொல்லவும் வாய்ப்பு தர வேண்டும். இறுதி உத்தரவில் காரணங்களைச் சுருக்கமாகவாவது பதிய வேண்டும். குஜராத் அரசு விதித்திருந்த ‘இரண்டு ஆண்டு கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையையும், எதற்கும் வளையும் தெளிவற்ற சொல் என்று நீதிபதிகள் நீக்கினார்கள்.

பண்பொழி ஊரில் இப்படி ஒன்று நடப்பதாக வைத்துப் பார்ப்போம். அடவிநயினார் அணைத் தண்ணீர் வயலுக்கு வரும் காலத்தில், மடை திறப்பதில் வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பாகிறது. எதிர்த்தரப்பு கொடுத்த புகாரில் முன்விடுதலையில் வந்தவர் பெயரும் சேர்கிறது. முதல் தகவல் அறிக்கை என்பது குற்றச்சாட்டு, தீர்ப்பல்ல. வழக்கு பதிவானது ஒன்றை மட்டுமே காரணமாக்கி ரத்து செய்யக் கூடாது, மீறலைக் காட்டும் ஆதாரம் வேண்டும், அற்ப மீறல் போதாது என்கிறது அதே தீர்ப்பு. அவர் மடையருகே இருந்தாரா, விலக்கிவிடப் போனாரா என்பதெல்லாம் அவர் வாய் திறந்தால்தானே தெரியும்?

‘அரசு காட்டிய சலுகைதானே, கொடுத்தவரே எடுத்துக்கொள்ளலாமே’ என்பார்கள். விடுதலை கேட்டுப் பெறும் உரிமை அல்ல என்பது சரி. ஆனால் கிடைத்துவிட்ட சுதந்திரத்தை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கிறது. நியாயமான நடைமுறை இல்லாமல் அதைப் பறிக்க இயலாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பரோல் ரத்துக்கு எழுத்து மூலமான நோட்டீஸ் வேண்டும் என்று 1972-லேயே மாரிஸி வழக்கில் சொல்லிவிட்டது. ‘நோட்டீஸ் கொடுத்தால் ஆபத்தானவர் தப்பிவிடுவாரே’ என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. புதிய குற்றம் கடுமையானது என்றால் அந்த வழக்கிலேயே கைது செய்யலாம், ஜாமீனை எதிர்க்கலாம். நோட்டீஸ் எதையும் தடுக்காது.

ஆகவே நோட்டீஸ் வந்தால் ஒளியவும் வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். காவலில் இருப்பவருக்கும் வருமானம் குறைந்தவருக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கறிஞர் உதவி இலவசம். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸே தராமல் ரத்து செய்தால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட அதுவே வலுவான காரணம்.