ஆயின்மென்ட் இருக்கட்டும், நடக்கிறாரா?

அப்பாவுக்கு வயது 71. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, பைபாஸ் செய்தவர். உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே எட்டு மாதமாகப் புண். மூன்று ஆயின்மென்ட் மாற்றியாயிற்று. அடுத்து எதைப் போடலாம்?
- வாசகி, திருவாரூர்

கடிதம் நிறைய ஆயின்மென்ட் பெயர் எழுதியிருக்கிறீர்கள். அப்பா நடக்கிறாரா, காலில் என்ன போட்டு நடக்கிறார் என்று ஒரு வரி இல்லையே! சர்க்கரையால் மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. அதனால் புண்ணோடு கோயிலுக்கும் போவார், கடைக்கும் போவார். காலையில் நீங்கள் கட்டிவிட்டதை மாலைக்குள் அவரே மிதித்துக் கெடுத்துவிடுவார். புண்ணின் ஓரம் வெள்ளையாகத் தடித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால், பாரம் இன்னும் அங்கேதான் இறங்குகிறது. பாத்ரூமுக்குப் போகிற பத்தடியும் கணக்குத்தான்.

புண்ணிலிருந்து பாரத்தை எடுப்பதுதான் வைத்தியம். அது நம் பக்கத்தில் பிறந்தது. 1930களிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோயாளிகளுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பி, உள்ளங்கால் புண்ணை ஆற்றினார்கள். வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகமே சர்க்கரைப் புண்ணுக்கு அதைச் செய்கிறது. இங்கே நாம் மருந்துக்கடையில் டியூப் டியூபாக வாங்கிக்கொண்டிருக்கிறோம். எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் அப்பாவுக்கு மாவுக்கட்டுப் போடும் முன் ரத்த ஓட்டம் பார்த்தாக வேண்டும். கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் ஓட்டம் குறைவு. 1.3க்கு மேல் வந்தாலும் நிம்மதி கொள்ளாதீர்கள். சர்க்கரைக்காரர்களின் ரத்தக்குழாய் கெட்டிப்பட்டு அந்த எண் பொய் சொல்லும், டாப்ளர் தேவை. எட்டு மாதப் புண் என்பதால் எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் எடுங்கள். ஆறிய பிறகு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, வீட்டுக்குள்ளும்.

புண்ணைக் காற்றாட விட்டால் சீக்கிரம் காயுமாமே?
- வாசகர், கரூர்

காயும், ஆறாது. சுத்தம் செய்து, லேசான ஈரம் நிற்கும்படி மூடி வையுங்கள். காய்ந்து கறுத்துப்போன விரல் என்றால் நனைக்காமல், அன்றே சர்ஜனிடம் காட்டுங்கள்.

அம்மாவுக்கு 80. பக்கவாதம், கிட்னி பழுது, இப்போது படுக்கைப்புண். பருப்பும் முட்டையும் சீழ் வைக்கும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். காற்றடைத்த வளையத்தில்தான் உட்கார வைக்கிறோம்.
- வாசகி, தேனி

சீழ் வைப்பது கிருமி, பருப்பல்ல. புரதம் இல்லாமல் புதுச் சதை எதிலிருந்து வளரும்? கிட்னிக்காகப் புரதத்தைக் குறைக்கச் சொன்னது புண் வருவதற்கு முன்பாக இருக்கும். கிட்னி டாக்டரிடம் புண்ணைக் காட்டி, அளவை மறுபடி கேளுங்கள். வளையத்தை இன்றே எடுத்துவிடுங்கள். புண்ணைச் சுற்றி அழுத்தி ரத்தத்தை அதுவே தடுக்கிறது. இரண்டு மணிக்கொரு முறை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ராத்திரியில் முறை வைத்து எழுந்திருங்கள், நீங்கள் ஒருவரே சுமக்காதீர்கள். நீங்கள் சரியாகப் பார்க்காததால் வந்த புண் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பிரஷர் மாத்திரையால் கால் வீங்குமா? கணுக்கால் புண்ணிலிருந்து நீர் கசிகிறது.
- வாசகர், சிவகாசி

அம்லோடிபின் என்றால் வீங்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வேறு மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்கள். இதயம், கிட்னி, சிரை ரத்தக்குழாய் எது காரணம் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்ற வேண்டாம்.