மின்னல் வேகப் புரோட்டான் சிகிச்சையும் அதன் திட்டக் கணக்கும்

மணவாளக்குறிச்சியின் கருமணலை அறியாதார் நம் மாவட்டத்தில் இலர். திருவிதாங்கூரிலிருந்து செருமனிக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பர்க் என்னும் வேதியியலார், அதில் மோனசைட் இருப்பதை 1909-இல் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அதன் கதிர்வீச்சு அக்கரையில் வாழ்வோர் மீது இரவும் பகலும், ஆண்டு முழுவதும், சிறுகச் சிறுகப் படுகிறது. புற்றுநோய் மருத்துவமனையிலோ அதைவிடப் பன்மடங்கு மிகுந்த கதிர்வீச்சைச் சில நிமிடங்களில் செலுத்துகின்றனர். இப்பொழுது அந்த நிமிடங்களையும் ஒரு நொடியின் சிறு பகுதியாகச் சுருக்கிப் பார்க்கின்றனர். கதிரின் அளவு ஒன்றாகவே இருக்க, அது வந்து சேரும் வீதம் மட்டும் மாறினால் விளைவும் மாறுமா? இதுவே நான் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட வினா.

முதலில் புரோட்டானைப் பற்றிச் சில சொற்கள். எக்ஸ் கதிர் உடலுக்குள் நுழைந்து மறுபுறம் வெளியேறும். வழியிலுள்ள நல்ல திசுக்களுக்கும் ஊறு செய்யும். புரோட்டான் அவ்வாறன்று. தன் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் செலவழித்துச் சென்று, நிற்கப் போகும் இடத்திற்குச் சற்று முன்பாக மிகுதியை ஒருசேரக் கொட்டிவிட்டு நின்றுவிடும். நாம் வகுப்பில் வரையும் பிராக் வளைவின் முகடு அதுவே. இதை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் 1946-இல் எழுதினார். 1954-இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. நம் நாட்டில், சென்னை தரமணியில் அப்பல்லோ நிறுவனத்தின் புரோட்டான் மையம் 2019 சனவரியில் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் அதுவே முதலாவது.

இனி வேகத்திற்கு வருவோம். வழக்கமான சிகிச்சையில் கதிர் நிமிடத்திற்குச் சில கிரே என்ற வீதத்தில் செல்லும். (கிரே என்பது ஒரு கிலோகிராம் திசு ஏற்கும் ஒரு ஜூல் ஆற்றல்.) 2014-இல் பாரிசிலுள்ள கியூரி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நொடிக்கு 40 கிரேக்கும் மிகுந்த வீதத்தில் எலக்ட்ரான் கற்றையை எலிகளின் மார்பில் செலுத்தினர். கட்டி வழக்கம்போல் கட்டுப்பட்டது. நுரையீரலின் நல்ல திசுவோ மிகக் குறைவாகவே கெட்டது. சாரலாகப் பெய்தால் நெல்லுக்கு நல்லது, ஒரே கொட்டாகக் கொட்டினால் வரப்பு உடையும் என்று நம் வயற்காட்டில் சொல்வார்கள். இங்கே நிலைமை தலைகீழ்! திசுவிலுள்ள ஆக்சிஜன் ஒரு கணத்தில் தீர்ந்துவிடுவதே காரணம் என்றனர் சிலர். அது மட்டும் போதாது என்கின்றனர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை.

இதை என் நண்பரிடம் கூறியபோது, "அப்படியானால் திருவனந்தபுரத்துக்கு நாற்பது நாள் நடக்க வேண்டாமே!" என்றார். நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்தவர் அவர். ஆதலால் அவர் சொன்னது என் மனத்தில் தைத்தது. ஆயினும் அது சரியான புரிதல் அன்று. எலும்பு வலிக்கு 8 கிரேயை ஒரே நாளில் கொடுக்கும் முறை சாதாரண எக்ஸ் கதிரிலேயே உண்டு. இந்த வேகம் நாளை மிச்சப்படுத்துவதற்காக அன்று. நல்ல திசுவைக் காப்பதற்காக.

சிக்கல் எழுவது திட்டமிடும் மேசையில்தான். சைக்ளோட்ரானிலிருந்து புரோட்டான்கள் ஒரே ஆற்றலுடன் வெளிவருகின்றன. 230 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் தண்ணீரில் ஏறத்தாழ 33 செ.மீ. ஆழம் செல்லும். கட்டி 4 செ.மீ. ஆழத்தில் இருந்தால் ஆற்றலைச் சுமார் 70 ஆகக் குறைக்க வேண்டும். அதற்குக் குறுக்கே கார்பன் கட்டையை வைக்கின்றனர். சிதறியவற்றை வடிகட்டிய பின் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கற்றை மெலிந்தது, வீதமும் போயிற்று.

ஆகவே ஆற்றலைக் குறையாமலேயே விட்டு, கற்றை உடலை ஊடுருவி மறுபுறம் வெளியேறும்படி திட்டமிடுகின்றனர். வீதம் கிடைக்கிறது, ஆனால் முகடு உடலுக்கு வெளியே போய்விடுகிறது! எந்தப் பண்பிற்காகப் புரோட்டானைத் தேடினோமோ அதையே கைவிடுகிறோம். 2020-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கிய முதல் மனித ஆய்வு இம்முறையில்தான் நடந்தது. கை கால் எலும்புகளில் புற்று பரவிய 10 பேருக்கு, 8 கிரே ஒரே தடவையில் கொடுக்கப்பட்டது. வலி தணிந்த அளவும் பக்க விளைவுகளும் வழக்கமான சிகிச்சையில் காண்பதை ஒத்தே இருந்தன. இவ்வாறு செய்ய முடியும் என்பதை அவ்வாய்வு காட்டியது. நல்ல திசு மிகுதியாகக் காக்கப்பட்டது என்று அது நிறுவவில்லை. செய்திகளில் வரும் பெரிய தலைப்புகளைப் படிப்போர் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

இரண்டாவது சிக்கல் கணக்கைப் பற்றியது. மெல்லிய கற்றை, நாம் தாளில் கோடு கோடாக நிழல் தீட்டுவதுபோல், கட்டியைப் புள்ளி புள்ளியாக நிரப்புகிறது. ஓரிடத்திற்கு அதன் வரிசையிலிருந்து மட்டுமன்றிப் பக்கத்து வரிசைகளிலிருந்தும் கதிர் வரும். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு வரிசையை முடிக்க 50 மில்லி நொடி என்றும், ஓரிடம் மூன்று வரிசைகளால் நிரம்புகிறது என்றும் கொள்வோம். 8 கிரே 150 மில்லி நொடியில் சேர்கிறது. வீதம் நொடிக்கு 53 கிரே. வரிசையின் நீளத்தை இரட்டித்தால் 300 மில்லி நொடி. வீதம் 27 கிரேயாகி, 40 என்ற எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். கருவியும் அதுவே, கதிரளவும் அதுவே. தீட்டும் திசையை மாற்றிக் குறுகிய பக்கமாக ஓட்டினால் இழந்த வீதம் திரும்பக் கிடைக்கும்! எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முன்பெல்லாம் திட்டமிடுவோர் கதிரளவின் வரைபடம் ஒன்றை மட்டும் கணித்தால் போதும். இம்முறையில் வீதத்தின் வரைபடத்தையும் உடன் கணிக்க வேண்டும்.

நான்கு திசைகளிலிருந்து பங்கிட்டுக் கொடுக்கும் பழைய உத்தியும் இங்கே இடறுகிறது. 8 கிரேயை நான்காகப் பிரித்தால் திசைக்கு 2 கிரேதான். கருவி ஒரு திசையிலிருந்து அடுத்ததற்குத் திரும்பும் இடைவெளியும் சேர்கிறது. ஆய்வுகளிலோ, ஒரே தடவையில் பேரளவு கொடுத்தபோதே இவ்விளைவு பெரும்பாலும் தெளிவாகத் தெரிந்தது.

முகட்டையும் வீதத்தையும் ஒருங்கே பெற மற்றொரு வழியை ஆராய்கின்றனர். நோயாளிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தகடு. அதில் படிப்படியாக உயரும் நூற்றுக்கணக்கான சிறு கூம்புகள். கூம்பின் நடுவில், அதன் முழு உயரத்தினூடே புகுந்த புரோட்டான் மிகுதியாகத் தளர்ந்து அருகில் நிற்கும். விளிம்போரம் புகுந்தது அதிகம் தளராமல் ஆழத்தில் நிற்கும். ஆற்றலை இடையில் மாற்றாமலேயே கட்டியின் முழுத் தடிப்பும் நிரம்பிவிடும். கட்டியின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறாதலால், ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தகடு முப்பரிமாண அச்சில் வார்க்கப்பட வேண்டும்.