முகம் விட்டு முகம் தாவும் பயம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவ ஊர் கனகசெட்டிக்குளம். இப்படிப்பட்ட ஊர்களில், கடலுக்குப் போனவர் திரும்பத் தாமதமானால் கரையில் ஒருத்திக்கு வரும் பதற்றம் சற்று நேரத்தில் தெருவையே பிடித்துக்கொள்ளும். உணர்ச்சி பரவும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், அது எப்படிப் பரவுகிறது என்பதில் நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள் தவறு.

நம்பிக்கை 1: பயந்த கூட்டத்துக்குப் புத்தி இருக்காது.

உண்மை: 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்தது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30இல், மறுபடியும் அலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. கடலோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். அலை வரவில்லை. அதற்காக அந்த ஓட்டத்தை மூடத்தனம் என்பது அநியாயம். இந்தியப் பெருங்கடலுக்கு அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் தெரிந்த கலவரம்தான் பலருக்கும் அன்றைய சைரன். 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை விடுத்து, கடல்மட்டத்தைக் கவனித்து, அன்றே விலக்கிக்கொண்டார்கள். பயத்தைத் தணிப்பது அதட்டல் அல்ல, நம்பத் தகுந்த சேதி.

நம்பிக்கை 2: கைக்குழந்தைக்கு என்ன தெரியும்?

உண்மை: அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பதில் இல்லையென்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்குகிறது. பேச்சு வருமுன்பே அது முகத்தைப் படிக்கிறது. மனம் சோர்ந்த தாயைக் குறை சொல்ல இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தாய் மறுபடி கொஞ்சத் தொடங்கியதும் குழந்தை மெல்லத் தேறியது. மனம் சோர்ந்த தாய்க்குத் தோள் கொடுப்பதே வீட்டார் கடமை.

நம்பிக்கை 3: துக்கத்தை அடக்கிக்கொண்டால் மற்றவர்களுக்குப் பாரமில்லை.

உண்மை: முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, அணுகுண்டு அழிவைக் காட்டும் படம் ஒன்றைப் பார்க்கச் செய்து, பிறகு அதைப் பற்றிப் பேசவிட்டார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். ஒருத்தி உணர்ச்சியைக் காட்டாமல் அடக்கியபோது, எதிரே இருந்தவளுக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. 2003இல் வெளியான ஆய்வு இது. நம் ஊர்ப் பெண்கள் துக்க வீட்டில் தோளோடு தோள் கட்டி ஒப்பாரி வைப்பது துக்கத்தைத் தனியே சுமக்க விடாத வழக்கம். அதே நேரம், அழ விரும்பாதவரை அழச் சொல்லி வற்புறுத்துவதும் தவறு.

நம்பிக்கை 4: நேரில் பார்த்தால்தான் உணர்ச்சி ஒட்டும்.

உண்மை: 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் ஃபேஸ்புக் பக்கத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் மாற்றிப் பார்த்தார்கள். மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்ததும், அவர்கள் எழுதியதிலும் மகிழ்ச்சிச் சொற்கள் குறைந்தன. குறைந்த அளவு மிகமிகச் சொற்பம்தான். ஆனாலும் முகம் பார்க்காமலே உணர்ச்சி தாவக்கூடும் என்பதை அது காட்டியது. வெளிப்படையாகச் சம்மதம் கேட்காமல் செய்ததற்காக அந்த ஆய்வு கடும் கண்டனத்துக்கும் ஆளானது.

உங்கள் முகமும் குரலும் உங்களோடு நிற்பதில்லை. கடல் பொங்குகிறது என்று பதறும் குரலில் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தால், அதை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். முதலில் அரசு அறிவிப்பைப் பாருங்கள். பிறகு, பயந்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள்.