காந்தாரமும் நிஷாதமும் போதும்: கிற்றாரில் ஜாஸ் கோர்ட் பழக ஒரு வழி

1975 ஒக்ரோபரில், ரொறன்ரோவின் குவீன் வீதி மேற்கில் அப்போதிருந்த 'பேர்பன் ஸ்ட்ரீட்' கிளப்பில் பால் டெஸ்மண்ட் சக்சபோன் வாசித்தார். 'ரேக் ஃபைவ்' மெட்டை இயற்றிய அதே டெஸ்மண்ட். மேடையில் பியானோ இல்லை. டொன் தொம்சன் பேஸ், ஜெரி ஃபுல்லர் ட்ரம்ஸ், கிற்றாரில் எட் பிக்கர்ட். பிக்கர்ட் 1932இல் மனிரோபாவில் பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவில் வளர்ந்து, 1952இல் ரொறன்ரோவுக்கு வந்து இந்நகரத்துக்காரராகவே ஆகிப்போனவர். கையில் வைத்திருந்ததோ ஃபெண்டர் ரெலிகாஸ்ரர், கன்ட்ரி பாட்டுக்காரர்களின் பலகைக் கிற்றார். அந்த நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவு இசைத்தட்டாக வந்தது, இன்றும் கிடைக்கிறது. பழகத் தொடங்கும் முன் அதை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். பியானோ இல்லாத குறையே தெரியாது. அத்தனைக்கும் பிக்கர்ட் ஆறு தந்தியையும் சேர்த்து அடிப்பது அபூர்வம். பெரும்பாலும் மூன்று சுரம், சில இடங்களில் இரண்டு.

பைலாவுக்கும் சினிமாப் பாட்டுக்கும் கிற்றார் அடிக்கத் தெரிந்தவர்கள் ஸ்காபரோவில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். ஜாஸ் என்றதும் அவர்கள் தயங்குவதற்குக் காரணம் கோர்ட் புத்தகங்கள். ரெட் கிரீனின் 'கோர்ட் கெமிஸ்ட்ரி' 1971இல் வந்தது. அருமையான புத்தகம்தான், ஆனால் பக்கம் பக்கமாகக் கட்டமிட்ட வடிவங்கள். அதை மனப்பாடம் செய்யத் தொடங்கி இரண்டாம் வாரம் கைவிடாதவர் குறைவு. அதைப் பிறகு வாங்கலாம். சரளி வரிசை பாடியவருக்கும், பிள்ளையைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போய் வாசலில் காத்திருந்து காதால் கற்றவருக்கும் இதைவிடக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது.

ஒரு கோர்டின் மூலச் சுரத்தை 'ச' என்று வையுங்கள். அதைப் பேஸ்காரர் பிடித்துக்கொள்வார். 'ப' அந்தச் சட்ஜத்துக்குள்ளேயே மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கிறது, தனியாகச் சொல்லாவிட்டால் நட்டமில்லை. கோர்டின் குணத்தைச் சொல்பவை காந்தாரமும் நிஷாதமும் மட்டுமே. சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும் சேர்ந்தால் அது மைனர் 7. அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும் என்றால் வெறும் 7. அந்தர காந்தாரமும் காகலி நிஷாதமும் என்றால் மேஜர் 7. ஜாஸ் பாட்டுகளில் முக்கால்வாசி இந்த மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

முதலில் விரல் வைப்போம். தடித்த தந்தியை 6 என்றும் மெல்லியதை 1 என்றும் எண்ணுங்கள்.

டி மைனர் 7: 5ஆம் தந்தியில் 5ஆம் ஃபிரெட் (நடுவிரல்), 4ஆம் தந்தியில் 3 (சுட்டுவிரல்), 3ஆம் தந்தியில் 5 (மோதிரவிரல்).
ஜி 7: 6ஆம் தந்தியில் 3 (நடுவிரல்), 4ஆம் தந்தியில் 3 (மோதிரவிரல்), 3ஆம் தந்தியில் 4 (சுண்டுவிரல்).
சி மேஜர் 7: 5ஆம் தந்தியில் 3 (நடுவிரல்), 4ஆம் தந்தியில் 2 (சுட்டுவிரல்), 3ஆம் தந்தியில் 4 (மோதிரவிரல் அல்லது சுண்டுவிரல்).

மற்றத் தந்திகள் ஒலிக்கக் கூடாது. ஜி 7இல் 6ஆம் தந்தியை அழுத்தும் நடுவிரலைச் சற்றுச் சாய்த்தால் அதன் சதை 5ஆம் தந்தியைத் தொட்டு ஊமையாக்கிவிடும். இந்தச் சின்ன வேலை கைவரும்வரை மேலே போக வேண்டாம். ஜாஸ் கிற்றாரில் அழுத்தாத தந்தியை அடக்குவதும் வாசிப்பின் ஒரு பகுதிதான். பிக்குக்குப் பதிலாகப் பெருவிரலும் இரண்டு விரல்களுமாகக் கிள்ளினால் பாதிச் சிரமம் தானாகக் குறையும்.

இந்த மூன்றும் இதே ஒழுங்கில் ஜாஸில் ஓயாமல் வரும். 'ரூ ஃபைவ் வன்' என்று வாத்தியக்காரர்கள் சொல்வது இதைத்தான். எந்தச் ச-வை எடுத்தாலும் அதன் ரி-யில் ஒரு கோர்ட், ப-வில் ஒன்று, பிறகு ச-வில் வந்து இறங்குவது. நமக்கு இது புதிதல்ல. சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஆதாரமாக்கினால் கரகரப்பிரியா, பஞ்சமத்தை ஆதாரமாக்கினால் ஹரிகாம்போதி. கிரக பேதம்! டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்று அடிக்கும்போது கரகரப்பிரியா, ஹரிகாம்போதி, சங்கராபரணம் ஆகிய மூன்றின் சுரத்தானங்களையும் வரிசையாகக் கடக்கிறீர்கள். வித்துவான்கள் கோபிக்க வேண்டாம். கமகமும் பிடிப்பும் இல்லாமல் ராகம் இல்லை என்பது தெரிந்ததுதான். இங்கே பேசுவது வெறும் சுரத்தானத்தை.

இரண்டாவது வேலை, 5ஆம் 6ஆம் தந்திகளை விட்டுவிட்டு 4ஆம் 3ஆம் தந்திகளை மட்டும் வாசிப்பது. ஃபிரெட் எண்கள் 3-5, பிறகு 3-4, பிறகு 2-4. மெதுவாக, காதைக் கொடுத்து. முதல் மாற்றத்தில் ஒரு சுரம் அசையாமல் நிற்கிறது, மற்றது அரைச்சுரம் இறங்குகிறது. அடுத்த மாற்றத்தில் இறங்கியது நிற்கிறது, நின்றது இறங்குகிறது. டி-யின் நிஷாதம் இறங்கி ஜி-யின் காந்தாரமாகிறது. டி-யின் காந்தாரமோ இருந்த இடத்திலேயே ஜி-யின் நிஷாதமாகிவிடுகிறது. ஜாஸ் கோர்டுகளின் இரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இரண்டு தந்திகளில்தான் இருக்கிறது. வடிவங்களை எண்ணிச் சேர்ப்பவருக்கு இது காதில் விழாது.

ஆகவே வாயைத் திறந்து பாடுங்கள். 3ஆம் தந்தியில் கேட்கும் சுரத்தை நி, க, நி என்றும், 4ஆம் தந்தியில் கேட்பதை க, நி, க என்றும், ஒவ்வொரு கோர்டுக்கும் ச-வை மனதில் மாற்றிக்கொண்டு பாட வேண்டும். பாட்டு வகுப்பில் ஒரே சுருதியில் பழகிய தொண்டை முதலில் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டு அடங்கும்போதுதான் இந்த மாற்றம் காதில் பதியும். பிறகு முழுவதையும் இரண்டு ஃபிரெட் கீழே நகர்த்துங்கள், ச இப்போது பி ஃபிளாட். முதல் இடத்திலிருந்து மூன்று ஃபிரெட் மேலே நகர்த்துங்கள், ஈ ஃபிளாட். விரல் வடிவம் மாறாது. 5ஆம் 6ஆம் தந்திகளில் எந்த ஃபிரெட்டில் எந்தச் சுரம் என்று தெரிந்திருந்தால் பன்னிரண்டு சுருதியும் கைக்குள்.

இனி மூன்றாவது குரலைச் சேர்க்கலாம். பிக்கர்டின் வாசிப்பில் மனதைப் பறிப்பது பெரும்பாலும் இந்த மேல் சுரம்தான். 4, 3, 2 ஆகிய தந்திகளில் வாசியுங்கள்: 3-5-5, பிறகு 3-4-5, பிறகு 2-4-3. இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டில் இருப்பது ஈ. டி-யை ச-வாக வைத்தால் அது ரிஷபம். ஜி வந்ததும், விரல் அசையாமலே, அது தைவதம். முதலாவதை டி மைனர் 9 என்றும் இரண்டாவதை ஜி 13 என்றும் எழுதுவார்கள். எண்கள் பயமுறுத்தினாலும் நடப்பது இவ்வளவே. சி வந்ததும் மேல் குரல் டி-க்கு இறங்கி மறுபடி ரிஷபமாகிறது.

இப்போது நடுக் கோர்டில் ஒரே ஒரு விரலை மாற்றிப் பாருங்கள். 3-4-5க்குப் பதில் 3-4-4. சதுஸ்ருதி தைவதம் சுத்த தைவதமாகிறது. மூன்று கோர்டையும் சேர்த்து அடித்தால் மேல் குரல் 5, 4, 3 என்று அரைச்சுரம் அரைச்சுரமாக வழுக்கி இறங்கும். நடுக் கோர்டில் ஒரு புளிப்பு, அடுத்ததில் ஆறுதல். இந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் வாசித்தாலும் தகும். புதிதாகப் பழகுகிறவர்கள் புளிப்பான கோர்டுகளைத் தனியே பட்டியலிட்டுப் படிக்கிறார்கள். தனியாகக் கேட்டால் அவை அபசுரம்போல் இருக்கும். எங்கிருந்து வந்து எங்கே இறங்குகிறது என்பதோடு சேர்த்துப் படித்தால்தான் பயன்.

பயிற்சியை இத்துடன் நிறுத்தி ஒரு பாட்டை எடுங்கள். ஜோசஃப் கொஸ்மா 1945இல் மெட்டமைத்த 'ஓட்டம் லீவ்ஸ்' உலகெங்கும் ஜாஸ் மாணவர்களின் முதல் பாட்டுகளில் ஒன்று. ஈ மைனரில் அதன் கோர்டுகள்: ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7, சி மேஜர் 7, எஃப் ஷார்ப் மைனர் 7 ஃபிளாட் 5, பி 7, ஈ மைனர். எழுத்தில் நீளம், 4ஆம் 3ஆம் தந்திகளில் மிகச் சுருக்கம்: 10-12, 10-11, 9-11, 9-9, 7-9, 7-8, 5-7. கழுத்தின் மேலிருந்து படிப்படியாக இறங்கி வருகிறது, எங்கும் தாவல் கிடையாது. மூலச் சுரம் வேண்டுமென்றால் 5ஆம் தந்தியின் 12இல் தொடங்கி, 6இன் 10, 5இன் 10, 6இன் 8, 5இன் 9, 6இன் 7, 5இன் 7 என்று மாறி மாறிச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது மெட்டைப் பாட, நீங்கள் அந்த இரண்டு தந்திகளை மட்டும் வாசித்தாலே பாட்டு நிமிர்ந்து நிற்கும்.

தாளத்தில் ஓர் எச்சரிக்கை. ஏக தாளம் போட்டுப் பழகிய கைக்கு முதல் அட்சரத்தில்தான் அழுத்தம். ஜாஸில் எடை 2இலும் 4இலும். மெட்ரோனோமை 60இல் வைத்து, அது தட்டுவதை 2, 4 என்று எண்ணுங்கள், 1ஐயும் 3ஐயும் நீங்களே போட வேண்டும். முதல் நாள் எரிச்சல் வரும், விட்டுவிடாதீர்கள். கோர்டை அடித்தவுடன் இடக்கை அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒலி குறுகிவிடும். நாலுக்கும் அடிப்பதென்றால் ஃபிரெடி கிரீனைக் கேளுங்கள். 1937இல் கவுண்ட் பேசியின் வாத்தியக் குழுவில் சேர்ந்து 1987இல் இறக்கும்வரை தாளக் கிற்றார் மட்டுமே வாசித்தவர், அதுவும் மிகக் குறைந்த சுரங்களோடு.

இவையெல்லாம் கைக்கு வந்தபின் நாலு சுரக் கோர்டுகளுக்குப் போகலாம். 'ட்ராப் ரூ' என்பார்கள். நெருக்கமாக அடுக்கிய நாலு சுரங்களில் மேலிருந்து இரண்டாவதை ஒரு ஸ்தாயி கீழே இறக்குவது. சி மேஜர் 7ஐ 4, 3, 2, 1 தந்திகளில் நாலு இடங்களில் பிடிக்கலாம்: 2-4-1-3, 5-5-5-7, 9-9-8-8, 10-12-12-12. மேல் தந்தியில் ஜி, பி, சி, ஈ என்று வரிசையாக வருகிறது. மெட்டின் சுரம் எதுவோ, அது மேலே இருக்கும் வடிவத்தை எடுத்தால் பாட்டையும் கோர்டையும் ஒரே கையில் வாசித்துவிடலாம். இதைச் சொல்லித்தர ஒரு தனிக் கட்டுரை வேண்டும்.

கிற்றார் விஷயத்தில் செலவு வேண்டாம். ஜாஸுக்கென்று வயிறு பெருத்த கிற்றார் வாங்கத்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் பிக்கர்டின் ரெலிகாஸ்ரரை நினைத்துக்கொள்ளுங்கள். ட்ரெபிளைக் குறைத்து, கழுத்துப் பக்கப் பிக்கப்பைப் போட்டால் போதும். கிற்றாரே இல்லையென்றால் ரொறன்ரோ பொது நூலகத்தின் பார்க்டேல் கிளையைப் பாருங்கள். 2016 முதல் அங்கே நூலக அட்டைக்கு இசைக்கருவி இரவல் தருகிறார்கள், கிற்றாரும் உண்டு. மரக் கிற்றார் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றுக்குப் பயப்பட வேண்டும். ஈரப்பதம் நூற்றுக்கு 40க்குக் கீழே போனால் மரம் சுருங்கி, ஃபிரெட் முனைகள் விரலைக் கீறத் தொடங்கும், முன்பலகை வெடிக்கவும் கூடும். கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்து, கூடவே ஈரமூட்டி ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

பிறகு வெளியே போய்க் கேளுங்கள். குவீன் வீதி மேற்கில் 'த ரெக்ஸ்' இருக்கிறது, ஜாஸ் கேட்க ரொறன்ரோக்காரர்கள் முதலில் போகும் இடம். லோர்ன் லொஃப்ஸ்கியின் பெயரைக் கண்டால் தவறவிடாதீர்கள். ஒஸ்கார் பீற்றர்சனுடன் வாசித்தவர், பிக்கர்டுடன் ஜோடியாகவும் வாசித்தவர். கிற்றார்காரரின் இடக்கை தெரியும் இடத்தில் உட்காருங்கள். எத்தனை தந்திகளைத் தொடாமல் விடுகிறார் என்று பாருங்கள்.

நீங்களே மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும் நாள் வந்தால் இரண்டு விஷயம். பேஸ்காரர் இருக்கிறார் என்றால் 5ஆம் 6ஆம் தந்திகள் அவருடைய வீடு, அங்கே போக வேண்டாம். பியானோக்காரரும் இருக்கிறார் என்றால் வாசிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: பாட்டின் ஒரு சுற்று அவர் கோர்ட் போடுவார், அடுத்த சுற்று நீங்கள். அவர் முறை வரும்போது கையை எடுத்துவிட வேண்டும்.