வேகம் உண்டு, சோதனை இல்லை

டைப்ஸ்கிரிப்ட் கோப்புகளை இஎஸ்பில்ட் சட்டென்று தொகுத்துவிடுகிறது. ஆனால் எண் வர வேண்டிய இடத்தில் எழுத்துச்சரம் இருந்தாலும் வாய் திறப்பதில்லை. வேறு கருவிக்கு மாறலாமா?

வேண்டாம். டைப் குறிப்புகளைச் சரிபார்ப்பது இஎஸ்பில்டின் வேலையே அல்ல. அவற்றைக் கழற்றிவிட்டு மிச்சத்தைத் தொகுக்கிறது. அது கோ மொழியில் எழுதப்பட்டது என்பதோடு, இந்த ஒதுங்கலும் அதன் வேகத்துக்கு ஒரு காரணம்: டைப் சரிபார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு கோப்பும் இறக்குமதி செய்யும் மற்றவற்றையும் புரட்டியாக வேண்டும். அந்தப் பொறுப்பை டைப்ஸ்கிரிப்டின் சொந்தத் தொகுப்பியான டிஎஸ்சி-யிடம், 'நோஎமிட்' என்ற விருப்பத்தோடு ஒப்படையுங்கள். அது கோப்பு எதையும் எழுதாமல் பிழைகளை மட்டும் சொல்லும். இரண்டு கருவி ஓடினால் வேகம் போய்விடாதா என்பீர்கள். தனித்தனியாக ஓடவிட்டால் போகாது. நிரல் எழுதும்போது தொகுப்பு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வெளியீட்டுக்கு முன் மட்டும் டிஎஸ்சி தலையசைக்காமல் தொகுக்காதீர்கள்.