சிறிய இன நாய்க்குட்டியை எப்போது விற்கலாம்?

கறவை மாட்டோடும் நாலைந்து ஆடுகளோடும் ஒரு பெட்டை ஸ்பிட்ஸ் நாயையும் வளர்த்து, ஈற்றுக்கு மூன்று நான்கு குட்டிகளை விற்றுக் கைச்செலவுக்குப் பணம் பார்க்கும் குடும்பங்கள் நகரங்களை அடுத்த கிராமங்களில் உண்டு. நம் பக்கத்தில் ‘பொமரேனியன்’ என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்தவையே. பராமரிப்பு சுலபம், வாங்குவோரும் உண்டு. ஆனால் குட்டிகளை எந்த வயதில் கைமாற்றுவது என்பதில்தான் பலர் தவறிவிடுகின்றனர்.

குட்டிகளுக்கு முப்பது நாள் ஆனதும் வியாபாரி வாசலுக்கு வந்துவிடுவார். “பல் முளைத்துவிட்டது, சோறு நக்குகிறது, இன்னும் எதற்குத் தாயோடு விட்டு வைத்திருக்கிறீர்கள்?” என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. மூன்றாம் வாரத்தில் பால் பற்கள் எட்டிப் பார்க்கும். நான்காம் வாரத்தில் குழைந்த சோற்றை நக்கத் தொடங்கும். ஆறு, ஏழு வாரத்தில் பாலை ஏறக்குறைய மறந்துவிடும். ஆனால் பால் மறப்பது வேறு, தாயையும் கூடப் பிறந்த குட்டிகளையும் விட்டுப் பிரியத் தயாராவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் நஷ்டத்திற்கு வழி.

எந்த இனமானாலும் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறுகின்றன. விற்பனைக்கென்று நாய் வளர்ப்போர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் அவ்விதிகளில் உள்ளது. எட்டு வாரம் என்பது எல்லா இனத்திற்கும் பொதுவான கீழ் எல்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற பெருத்த குட்டிகளுக்கு அது போதும். ஸ்பிட்ஸ் போன்ற சிறிய இனங்களுக்குப் பத்து வாரம் வரை பொறுப்பதே நல்லது. ஈற்றில் மற்றவற்றைவிடச் சிறுத்துப் பிறந்த குட்டி இருந்தால் அதைப் பன்னிரண்டு வாரம் வரை வைத்திருக்கலாம்.

சிறிய குட்டியின் தனி ஆபத்து

சிறிய குட்டிக்கு மட்டும் ஏன் இந்த இரண்டு வாரச் சலுகை? காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈரலும் தசையும் சேமித்து வைக்கின்றன; பசித்த வேளையில் ஈரல் தன் சேமிப்பை இரத்தத்திற்குக் கொடுக்கிறது. சிறிய இனக் குட்டிக்கு ஈரலும் சிறிது, தசையும் சிறிது. சேமிப்புக் குதிரே சிறியது என்று கொள்ளலாம். உடம்பு சிறியதாக இருப்பதால் சூடும் சீக்கிரம் வெளியேறுகிறது; அதை ஈடுகட்ட இன்னும் சர்க்கரை செலவாகிறது. ஒரு வேளை தீனி தவறினால், பேருந்தில் நெடுநேரம் குலுங்கினால், புது இடத்தில் பயந்து சாப்பிடாமல் இருந்தால், வயிற்றுப்போக்கு கண்டால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு குட்டி விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலையில் வாங்கியவர் வீட்டில் குழந்தைகள் அதை மாற்றி மாற்றித் தூக்குகிறார்கள். இரவு அது தாயைத் தேடிக் கத்துகிறது. வைத்த பாலைத் தொடவில்லை. விடியற்காலையில் துவண்டு கிடக்கிறது. வாங்கியவர் “நோய்க் குட்டியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான்” என்று பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்து நிற்பார். குட்டிக்கு நோய் எதுவும் இருந்திருக்காது, பசிதான் கொன்றிருக்கும். அந்த வீட்டிலிருந்து அடுத்த ஈற்றுக் குட்டியை வாங்க அத்தெருவில் எவரும் வரப்போவதில்லை.

சர்க்கரை குறைவதன் அடையாளங்களை வீட்டில் உள்ள அனைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலில் குட்டி விளையாடாமல் ஒதுங்கும், நடை தள்ளாடும், உடல் நடுங்கும், காதும் பாதமும் குளிர்ந்திருக்கும். முற்றினால் வலிப்புக் கண்டு நினைவு தப்பும். அப்போது தேனையோ கெட்டியான சர்க்கரைப் பாகையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவ வேண்டும். நினைவில்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்து, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தேன் தடவியதும் எழுந்து நிற்கிறதே என்று வீட்டிலேயே விட்டுவிடுவதும் தவறு. சற்று நேரத்தில் மறுபடியும் சாய்ந்துவிடக் கூடும்.

பத்து வாரக் குட்டிக்கு இந்த ஆபத்து அடியோடு நீங்கிவிடுவதில்லை. ஆனால் அதற்குள் அது திட உணவைத் தானாக வயிறு நிறையத் தின்னப் பழகியிருக்கும். உடம்பில் சதை பிடித்திருக்கும். ஒரு வேளை தவறினாலும் தாங்கும்.

தடுப்பூசிக் கணக்கு

பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பாலின் வழியே தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வருகிறது. அடுத்து வரும் வாரங்களில் இது படிப்படியாகக் குறையும். அது உடம்பில் நிறைய இருக்கும்போது போட்ட ஊசி சரியாகப் பிடிக்காது. முழுதும் குறையும்வரை காத்திருந்தால் இடையில் பார்வோ போன்ற கழிச்சல் நோய் புகுந்துவிடும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் குறையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவேதான் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஆறாம் வாரம் ஒன்று, ஒன்பதாம் வாரம் ஒன்று என்று போட்டு, அதன்பின் ஒரு வாரம் கழித்துக் கொடுத்தால் சரியாகப் பத்து வாரம் ஆகிறது. ஊசி போட்ட அன்றே குட்டியை அனுப்பக் கூடாது. பிறகு வரும் ஊசிகளைப் பதினாறாம் வாரம் வரையிலும், வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதம் முடிந்ததும் வாங்கியவர் போட்டுக்கொள்ள வேண்டும். இதை வாயால் சொன்னால் மறந்துபோகும். தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது.

குடற்புழு தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் குட்டிக்கு வந்துவிடுகிறது. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் வாரங்களில் மருத்துவர் சொல்லும் அளவில் புழு மருந்து கொடுக்க வேண்டும். தாய்க்கும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் குட்டிக்குக் கொடுத்த மருந்து வீண். குட்டியின் எடையைக் கொண்டே மருந்தின் அளவு என்பதால், மளிகைத் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வைப்பது அவசியம். ஒரு வாரத்தில் எடை கூடாத குட்டியை விற்கும் எண்ணத்தையே ஒத்திப்போட வேண்டும்.

தீனி

நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் உள்ளதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்டு. பால் சர்க்கரையோ குறைவு. எனவே பசும்பாலை மட்டும் ஊற்றி வளர்த்தால் குட்டி கழியும், இளைக்கும். நான்காம் வாரத்திலிருந்து நன்கு குழைந்த சோற்றில் வேகவைத்த முட்டையை மசித்தோ, எலும்பு நீக்கிய கோழிக்கறியைக் கொத்தியோ சேர்த்துத் தட்டையான தட்டில் வைக்கலாம். உப்பு, காரம், வெங்காயம் கூடாது. சிறுகச் சிறுக நாளைக்கு நான்கு ஐந்து முறை வைக்க வேண்டும். கடைசி வேளையை வீட்டார் படுக்கப் போகும் நேரத்தில் வைப்பது நல்லது. சிறிய குட்டிக்கு இரவுதான் நீண்ட பட்டினி.

ஈன்ற முதல் நான்கு வாரத்தில் சிறிய தாய் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, நடுக்கமும் இளைப்பும் வலிப்பும் காணலாம். உடனே குட்டிகளைப் பிரித்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அத்தகைய ஈற்றுக் குட்டிகள் சீக்கிரமே தட்டில் தின்னப் பழகியிருந்தாலும், அதைக் காரணம் காட்டி முன்கூட்டி விற்கலாகாது.

தொழுவ மூலையில் வளர்ந்த குட்டி

பத்து வாரம் வைத்திருப்பதில் ஒரு பொறுப்பும் சேர்கிறது. மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரைதான் நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்கிறது. உடன்பிறந்த குட்டியை ஓங்கிக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாய் உறுமும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவை அது இப்படித்தான் கற்கிறது. ஐந்து வாரத்தில் பிரிந்த குட்டி பின்னாளில் வீட்டுக் குழந்தையின் கையைப் பதம் பார்ப்பதற்கு இந்தக் கல்வி தவறியதும் ஒரு காரணம். அதே சமயம், தொழுவத்து இருட்டு மூலையில் பத்து வாரம் கிடந்த குட்டி மனிதரைக் கண்டாலே பதுங்கும். அதைவிட எட்டு வாரத்தில் நல்ல வீட்டுக்குப் போன குட்டி மேல். ஆகவே ஐந்தாம் வாரத்திலிருந்து தினமும் சிறிது நேரம் கையில் எடுத்துப் பழக்கி, குக்கர் விசில், வானொலி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் கேட்கவிட வேண்டும். தடுப்பூசி முடியும்வரை தெருவில் மட்டும் இறக்கிவிடக் கூடாது.

அனுப்பும் நாளில்

வெயில் தாழ்ந்தோ விடியற்காலையிலோ அனுப்புவது நல்லது. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தீனி கொடுத்துவிட வேண்டும். தாய் படுத்திருந்த பழந்துணியில் ஒரு துண்டைக் கூடையில் போட்டால் முதல் இரவு கத்துவது குறையும். தின்று பழகிய தீனி எது, எந்த நேரம் என்று எழுதிக் கொடுத்து, ஒரு வாரத்திற்கு அதையே கொடுக்கச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட தேதிகள், புழு மருந்து கொடுத்த தேதிகள் உள்ள அட்டையும் உடன் போக வேண்டும்.

வாங்குபவர் அதுவரை பொறுக்க மாட்டேன் என்றால், முன்பணம் பெற்றுக்கொண்டு அவர் தேர்ந்தெடுத்த குட்டியின் கழுத்தில் வண்ண நூல் கட்டி வைக்கலாம். வாரம் ஒரு முறை வந்து பார்த்துப் போகச் சொன்னால் குட்டியும் அவர் வாசனைக்குப் பழகும். அந்த நூலை மூன்று நாளைக்கு ஒரு தடவை தளர்த்திக் கட்ட மறக்கக் கூடாது; இந்த வயதில் குட்டியின் கழுத்து விரைவாகப் பெருக்கும்.